அம்மம்மாவின் முகம் ஏன் இருண்டது?

ரொறன்ரோவிலிருந்து மாமா அழைத்தால் முதல் ஐந்து நிமிடமும் ஒரே கதைதான்.

"அம்மா, முகம் தெரியேல்லை. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கோ."

"வெளிச்சத்திலதானே இருக்கிறன். இந்த வெய்யில் எறிக்குது, இதுக்கு மேல என்ன வெளிச்சம் வேணும் உனக்கு?"

அம்மம்மா சொன்னதில் பிழை இல்லை. உருத்திரபுரத்து வீட்டு விறாந்தையில், காற்று வருகிற இடம் பார்த்து, முற்றத்துக்கு முதுகைக் கொடுத்து அவருக்குக் கதிரை போட்டிருந்தோம். பின்னால் பங்குனி வெயிலில் முற்றத்து மண் கண்ணைக் கூச வைத்தது. முன்னால் சின்ன மேசையில் ஒரு மடிக்கணினி. 2014இல் மாமா வந்தபோது தந்தது. கிளிநொச்சிக்கு ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய அடுத்த வருடம் அது; கொழும்பிலிருந்து வழி முழுக்க மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம். அதன் திரைக்கு மேல் விளிம்பில் மிளகளவு கறுப்புப் புள்ளியாக வெப்கமரா இருந்தது. அதற்குத் தெரிந்த அம்மம்மா வெறும் நிழல். காதுத் தோட்டின் மினுக்கமும் நரைத்த தலையின் ஓரமும்தான் ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஒருநாள் மாமா என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: "அம்மா நல்லாக் கறுத்துப்போனா. என்ன வருத்தம் எண்டு மறைக்காமச் சொல்லு."

அம்மம்மாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆயினும் ஒரு மகன் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துகொண்டு தாய்க்கு நோய் என்று எத்தனையோ இரவு நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறார். அந்தக் கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

நான் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு உள்ளீட்டுச் சாதனங்கள் என்று ஒரு பாடம் உண்டு. விசைப்பலகை, சுட்டி, வருடி, ஒலிவாங்கி, வெப்கமரா என்று வரிசையாகப் பாடமாக்குவார்கள், எழுதுவார்கள், புள்ளி வாங்குவார்கள். வரிசையில் கடைசியாக வருகிற அந்தப் பெயருக்குத்தான் எங்கள் வீடுகளில் வேலை அதிகம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எந்த ஊரை எடுத்தாலும், பிள்ளையோ சகோதரமோ கடல் கடந்துபோன வீடுகள்தான் எத்தனை! அந்த வீடுகளில் பாசம் போவதும் வருவதும் இந்தப் புள்ளியின் வழியாகத்தான்.

மூன்று மில்லிமீற்றர் வயல்

பழுதான வெப்கமரா ஒன்றை வகுப்பில் கழற்றிக் காட்டுவது என் வழக்கம். பின்பக்கத்தில் இரண்டு சின்னத் திருகாணி. மூடியைத் திறந்தால் நகமளவில் ஒரு பச்சைப் பலகை. அதன் நடுவில் வில்லை பொருத்திய குழாய். போத்தல் மூடியைத் திருகுவதுபோல் திருகினால் குழாய் கையோடு வந்துவிடும். அதன் அடியில் ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டியிருக்கும். சரித்துப் பார்த்தால் இளஞ்சிவப்பாக மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி கமராவுக்குத் தெரியும். அதை உள்ளே விட்டால் மரத்து இலைகூட வெளிறிப்போகும். அதைத் தடுக்கத்தான் அந்தக் கண்ணாடி. அதையும் தாண்டிப் பலகையில் ஒட்டியிருப்பது உணரி. உளுந்தம்பருப்பு அளவுதான். அகலம் ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர். வெயிலில் பிடித்தால் மழைத்தண்ணியில் சிந்திய டீசல்போல் நிறம் நிறமாக ஓடும்.

"இதுதான் வயல்" என்பேன். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த சோறு தின்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உவமை எனக்குக் கிடைக்கவில்லை. 640க்கு 480 என்று கமராப் பெட்டியில் போட்டிருந்தால், அந்த உளுந்தளவு இடத்தில் வரம்பு கட்டிப் பிரித்த பாத்திகள் 3,07,200 இருக்கின்றன என்று பொருள். மழைபோல் ஒளி விழுகிறது. ஒளி பட்ட சிலிக்கனில் மின்னேற்றம் ஊறுகிறது. அதிகம் ஒளி விழுந்த பாத்தியில் அதிகம் தேங்கும். குறித்த நேரம் முடிந்ததும் ஒவ்வொரு பாத்தியிலும் எவ்வளவு தேங்கியது என்று அளந்து அதை எண்ணாக்கினால் படம் பிறந்துவிட்டது.

அளக்கும் முறையில்தான் இரண்டு கட்சி. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் ஸ்மித்தும் கண்டுபிடித்த சிசிடி, ஒரு பாத்தியில் தேங்கியதை அடுத்த பாத்திக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று வாய்க்கால் வழியே தள்ளிக்கொண்டுபோய்க் கடைசி வரம்பில் அளக்கும். அதற்காக இருவருக்கும் 2009இல் பௌதிகவியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1990களில் நாசாவின் ஆய்வுகூடமொன்றில் எரிக் ஃபொசமும் அவருடைய குழுவும் வளர்த்தெடுத்த சீமொஸ் உணரியில் ஒவ்வொரு பாத்திக்கும் அதனதன் அளவுகோல் உண்டு. மலிவு, மின்சாரச் செலவும் குறைவு. இன்று மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் இருப்பது இதுதான்.

நிறத்தின் கதை இன்னும் விசித்திரம். பாத்திக்கு நிறம் தெரியாது, ஒளியின் அளவு மட்டுமே தெரியும். ஆகவே ஒவ்வொன்றின் மேலும் ஒரு நிறக் கண்ணாடி. கொடாக் நிறுவனத்தில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஒழுங்கு அது: நாலு பாத்தியில் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். மனிதக் கண் பச்சையைக் கூர்மையாகப் பார்ப்பதால் அதற்கு இரட்டைப் பங்கு. அம்மம்மாவின் சிவப்புச் சேலையை நாலில் ஒரு பாத்திதான் சிவப்பென்று நேரே கண்டது. மற்ற மூன்றும் அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கணக்கில் நிரப்பியவை. நாம் திரையில் பார்க்கும் முகம், பாதிக்கு மேல் ஊகித்துக் கட்டிய முகம். இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். நானும் முதலில் நம்பவில்லை.

சராசரி என்னும் பிழை

இனி மாமாவின் கேள்விக்கு வருவோம். ஒளி எவ்வளவு நேரம் விழ வேண்டும் என்று தீர்மானிப்பது யார்? கமராவுக்குள் இருக்கும் சின்னச் செயலி. முழுக் காட்சியையும் கூட்டிப் பிரித்துச் சராசரி பார்க்கும். சராசரி நடுத்தரச் சாம்பலுக்கு மேலே போனால் நேரத்தைக் குறைக்கும், கீழே போனால் கூட்டும். முகம் எது, முற்றம் எது என்று சாதாரண வெப்கமராவுக்குத் தெரியாது.

நடுப்பகல் வெயில் விழும் மண்ணில் வெளிச்சம் ஒரு இலட்சம் லக்ஸ் வரை போகும். விறாந்தை நிழலில் சில நூறுதான். நம் கண் இரண்டையும் ஒருசேரத் தாங்கும். ஆட்டுக்குட்டி முற்றத்தில் துள்ளுவதையும் அம்மம்மாவின் நெற்றித் திருநீற்றையும் ஒரே பார்வையில் காணும். உளுந்தளவு உணரிக்கு அந்தக் கொள்ளளவு இல்லை. முற்றத்துக்காக நேரத்தைச் சுருக்கியது. அம்மம்மாவின் முகத்துப் பாத்திகள் காய்ந்து கிடந்தன. அவ்வளவுதான். வருத்தமும் இல்லை, கறுப்பும் இல்லை. கதிரையைத் திருப்பிப் போட்டிருந்தால் முடிந்திருக்கும் காரியம்.

இதே பிழை பாடசாலையிலும் எங்களைப் பிடித்தது. ஒரு போட்டிக்காக எங்கள் மாணவி ஒருத்தி காணொளி வழியே பேச வேண்டியிருந்தது. வெள்ளைச் சீருடை, பின்னால் வெள்ளைச் சுவர். வெள்ளை வெள்ளையாகச் சராசரி ஏறிவிட, கமரா ஒளியைக் குறைத்தது. பிள்ளையின் மாநிற முகம் இருண்டது. அந்தப் பக்கத்தில் இருந்தவர், "முகம் தெரியவில்லை, கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே" என்றார். பிள்ளையின் கண் கலங்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். களஞ்சிய அறையில் மடித்து வைத்திருந்த நீலத் தறப்பாள் ஒன்றை எடுத்துவந்து பின்னால் கட்டினோம். ஒரு காலத்தில் எங்கள் குடும்பங்களுக்குக் கூரையாக இருந்த அதே வகைத் தறப்பாள். பின்னணி இருண்டதும் சராசரி இறங்கியது, கமரா ஒளியைக் கூட்டியது, முகம் துலங்கியது. பிள்ளை பேசி முடித்தாள்.

இது எங்கள் பாடசாலையோடு நிற்கிற சங்கதி இல்லை. 2009 டிசம்பரில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வன்னிச் சனம் கூடாரங்களுக்குள் இருந்த நாட்களில், அமெரிக்காவில் ஒன்றாக வேலை செய்த இருவர் ஒரு காணொளியை வெளியிட்டார்கள். எச்பி கணினியின் வெப்கமரா வெள்ளைத் தோல் உள்ளவரின் முகத்தைத் தொடர்ந்து திரும்புகிறது. கறுப்புத் தோல் உள்ளவர் முன்னால் வந்தால் அசையாமல் நிற்கிறது. கண்ணுக்கும் கன்னத்துக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள ஒளி வேறுபாட்டை வைத்தே முகத்தைக் கண்டுபிடிப்பதாகவும், முன்பக்க வெளிச்சம் போதாவிட்டால் சிரமப்படும் என்றும் நிறுவனம் விளக்கம் சொன்னது. 2018இல் ஜோய் புவோலம்வினியும் திம்னிட் கெப்ருவும் முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத் தோல் ஆண்களில் பிழை 0.8 வீதத்தைத் தாண்டவில்லை. கருந்தோல் பெண்களில் 34.7 வீதம் வரை போனது. கருவியைச் செய்தவர்கள் எந்த முகங்களை வைத்துப் பழக்கினார்களோ அந்த முகங்களுக்குத்தான் அது நன்றாக வேலை செய்யும். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டால், பவுடர் போடாதது தங்கள் பிழை என்று நம்பிவிடுவார்கள்.

கனடாக் கரண்டும் எங்கள் கரண்டும்

பகலில் இருட்டு என்றால், இரவில் வேறொரு தொல்லை. மாலை ஆறரைக்குப் பிறகு மாமா அழைத்தால் அம்மம்மாவின் முகத்தின் மேல் சாம்பல் பட்டைகள் மேலிருந்து கீழே ஊர்ந்துகொண்டே இருக்கும். கரண்ட் சரியில்லை, வயரிங் சரியில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மின் வேலை செய்பவரைக் கூட்டிவந்து ஆழியைக்கூட மாற்றினோம்.

பிழை வயரிங்கில் இல்லை. இலங்கையின் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. சோக் போட்ட ரியூப் லைற் ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு முறை ஏறி இறங்குவதால் வினாடிக்கு 100 தடவை மினுக்குகிறது. கண்ணுக்கு அது பிடிபடாது. கனடாவில் 60 சுழற்சி, 120 மினுக்கம். சீமொஸ் உணரி படத்தை ஒரேயடியாக எடுப்பதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரி வரை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டு இறங்கும். ஒவ்வொரு வரியும் முழு முழு மினுக்கமாக ஒளியை வாங்கினால் எல்லா வரிக்கும் ஒரே பங்கு கிடைக்கும். வினாடியில் 120இல் ஒரு பங்கு என்று கணக்கு வைத்துக்கொண்டு வந்த கனடாக் கமரா, 100 மினுக்கம் உள்ள உருத்திரபுரத்து விளக்கின் கீழ் இருந்தபோது ஒரு வரிக்கு மேடு கிடைத்தது, இன்னொரு வரிக்குப் பள்ளம் கிடைத்தது. அந்த மேடுபள்ளங்கள்தான் பட்டைகள்.

கமரா அமைப்புப் பக்கத்தில் மினுக்கத்தைக் குறைக்கும் இடம் ஒன்று உண்டு. அதில் 60ஐ 50 ஆக மாற்றினேன். பட்டைகள் அந்தக் கணமே நின்றன. வெளிநாட்டிலிருந்து அன்பாகக் கொண்டுவந்து கொடுத்த மடிக்கணினிகள் வன்னியில் ஏராளம். அவற்றில் எத்தனை இன்னும் 60இலேயே இருக்கின்றனவோ! இதை வாசிப்பவர்கள் இன்று மாலையே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேப்பமரம் தின்ற முகம்

விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினால் கணினிக்குப் போவது 8 பைட்டுத் தகவல். சுட்டியை அசைத்தாலும் சில பைட்டுக்கள்தான். 640க்கு 480 படத்தை வினாடிக்கு 30 தடவை, புள்ளிக்கு 2 பைட்டாக அனுப்பும் வெப்கமரா, வினாடிக்கு ஒரு கோடியே 84 இலட்சம் பைட்டைக் கொட்டுகிறது. உள்ளீட்டுச் சாதனம் என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் எழுதினாலும், முன்னது துளி, பின்னது குளம் உடைத்த வெள்ளம்.

அந்த வெள்ளத்துக்கு யூஎஸ்பி தனி மதகு வைத்திருக்கிறது. அச்சுப்பொறிக்குப் போகும் தகவலில் ஒரு துண்டு தவறினால் திருப்பி அனுப்பப்படும். வெப்கமராக்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் வழியில் திருப்பி அனுப்புதல் கிடையாது. நேரம் தவறாமல் வருவதே முக்கியம், தொலைந்தது தொலைந்ததுதான். முகத்தில் வேண்டியது இந்தக் கணத்துச் சிரிப்பு, அரை வினாடிக்கு முந்திய சிரிப்பு இல்லை. 2003இல் யூஎஸ்பி காணொளிக்கென்று பொது நியமம் வந்த பிறகுதான் கமராவைச் செருகியதும் வேலை செய்தது. அதற்கு முன் ஒவ்வொரு கமராவுக்கும் ஒரு குறுந்தட்டு வேண்டும். தட்டுத் தொலைந்தால் கமராவும் போச்சு.

கணினிக்குள் வந்த வெள்ளத்தை இணையம் தாங்காது. எனவே மென்பொருள் அதைச் சுருக்கும். முழுப் படத்தையும் எப்போதாவது ஒருமுறை அனுப்பிவிட்டு, இடையில் எது மாறியதோ அதை மட்டும் அனுப்பும். அம்மம்மா அசையாமல் இருந்தால் அனுப்ப அதிகம் இல்லை. இருக்கிற பங்கு முழுவதும் அவர் முகத்துச் சுருக்கங்களைத் தெளிவாக்கப் போகும். பின்னால் முற்றத்து வேப்பமரம் காற்றில் ஆடினால் வந்தது வினை. ஆயிரக்கணக்கான இலை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு கணமும் மாறுகிறது. வேப்பமரம் பங்கைத் தின்றுவிடும். முகம் சதுரம் சதுரமாக உடையும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அழைப்பு மோசமாகிறது என்று பெரியம்மா சொல்லுவார். காற்றுக்கு அலைக்கம்பம் ஆடுகிறது என்பது அவருடைய விளக்கம். காற்றுத்தான் காரணம் என்பதில் அவர் சரி. ஆடியது அலைக்கம்பம் இல்லை, வேப்பமரம். சுவரைப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் அதே இணைப்பில் முகம் தெளியும்.

2020 மார்ச்சில் பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது இந்தக் கணக்கு எல்லாருக்கும் வாழ்க்கைக் கணக்காகியது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு லேர்ன் வலையமைப்பின் வழியே சூம் வகுப்புகள் தரவுக் கட்டணமின்றிக் கிடைத்தன. அறிவியல் நகரில் பொறியியல் படித்த பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. தரவைச் சேமிக்கக் கமராவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இருபத்தெட்டுக் கறுப்புச் சதுரங்களைப் பார்த்துக்கொண்டு நான் படிப்பித்திருக்கிறேன். யாருக்கு விளங்கியது, யார் பசியோடு இருக்கிறார் என்று முகத்தைப் பார்த்துத்தானே ஆசிரியர் அறிவார்?

கோப்பிச் சட்டியும் ஜாம் போத்தல் விளக்கும்

உலகின் முதல் வெப்கமரா ஒரு கோப்பிச் சட்டியைப் பார்த்தது. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்தில், ட்ரோஜன் அறை என்ற இடத்தில், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கோப்பிச் சட்டி இருந்தது. மாடி இறங்கி வந்து பார்த்தால் சட்டி வெறுமையாக இருக்கும். குவென்டின் ஸ்ராஃபோர்ட் ஃபிரேசரும் போல் ஜார்டெட்ஸ்கியும் ஒரு கமராவைச் சட்டிக்கு நேரே வைத்து, 128க்கு 128 புள்ளியில் கறுப்புவெள்ளைப் படத்தைத் தங்கள் மேசைக் கணினிக்கு வரவைத்தார்கள். 1993 நவம்பரில் அது உலக இணையத்துக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 22இல் நிறுத்தப்பட்டது. கடைசிக் கோப்பி இயந்திரத்தை ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் பத்திரிகை 3,350 பவுணுக்கு ஏலத்தில் எடுத்தது.

அதே 1991இல் ஆனையிறவில் பெரும் போர் நடந்தது. மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் தடை விழுந்திருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியும் துளி எண்ணெயும் விட்டு எரித்த விளக்கில் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். 1994இல் 99 டொலருக்குக் குவிக்காம் என்ற பெயரில் வீட்டுக் கணினிக்கான முதல் வெப்கமரா விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்தது. பெருந்தொகையானோர் பின்னர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தார்கள். 2006 ஜனவரியில் ஸ்கைப் காணொளி அழைப்பைத் தொடங்கியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. செஞ்சிலுவைச் சங்கக் கடிதத்தில் சுகம் விசாரித்த குடும்பங்கள், போர் முடிந்து, கம்பமும் கரண்டும் வந்து, வைபரிலும் 2016 நவம்பரில் காணொளிக்கு வந்த வட்ஸ்அப்பிலும் முகம் பார்த்தன. இடையில் போன வருடங்களில் பார்க்காமலே போன முகங்களுக்குக் கணக்கில்லை.

பார்க்கப்படுவது என்பது இங்கே இலேசான சொல்லும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய போராட்டத்தில், ஒவ்வொருவர் கையிலும் ஒரு படம். அந்த உறவினர்கள் கண்காணிக்கப்படுவதை ஐக்கிய நாடுகள் மனித உரிமை அலுவலக அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்குள் ஒரு கமரா இருக்கும்போது பயப்படுவது நியாயம்தான். ஒளிரும் பச்சை விளக்கை மட்டும் நம்பக்கூடாது. பழைய மக்புக் கணினிகள் சிலவற்றில் விளக்கு எரியாமலே கமராவை இயக்க முடியும் என்று ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் செய்து காட்டினார்கள். வேலை முடிந்ததும் வில்லையை ஒரு கடதாசித் துண்டால் மூடுவதுதான் உறுதியான வழி.

அதே கருவி சாட்சிக்கும் உதவும். மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்களும் திருகோணமலையில் ஐந்து மாணவர்களும் கொல்லப்பட்ட வழக்குகளை விசாரித்த உடலாகம ஆணைக்குழுவின் முன், 2008இல் வெளிநாட்டிலிருந்து காணொளி வழியே சாட்சியங்கள் பதிவாகின. பின்னர் அந்த வழி நிறுத்தப்பட்டது. 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் நாட்டுக்குள் வேறோர் இடத்திலிருந்து காணொளியில் சாட்சி சொல்ல இடமளித்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான வாய்ப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. முள்ளிவாய்க்காலைக் கண்ணால் கண்டவர்கள் இன்று எத்தனை நாட்டில் சிதறிக் கிடக்கிறார்கள் என்பதை நினைத்தால், இந்த மிளகளவுப் புள்ளிக்கு இன்னும் எவ்வளவு வேலை பாக்கி இருக்கிறது என்பது தெரியும்.

ஒரு படம்

அம்மம்மா 2021இல் போய்விட்டார். பயணக் கட்டுப்பாட்டு நாட்கள். மாமா வரவில்லை, செத்தவீட்டை நேரலையில் பார்த்தார். அஞ்சலிப் பதாகைக்குப் படம் தேடினோம். வீட்டு அல்பம் 2009இல் இரணைப்பாலைப் பக்கம் பதுங்குகுழியோடு போனது. அடையாள அட்டைப் படம் ஒன்று இருந்தது, மங்கிப்போய். கடைசியில் மாமாதான் ஒரு படம் அனுப்பினார். ஏதோ ஓர் அழைப்பின்போது திரையைப் பிடித்து வைத்தது. அமைப்பையெல்லாம் நான் சரி செய்த பிறகு எடுத்தது. அம்மம்மா வாய்விட்டுச் சிரிக்கிறார்.

ஸ்ரூடியோத் தம்பி அதைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். 640க்கு 360. மொத்தம் 2,30,400 புள்ளி. எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் தெளிவாக அச்சிட 86 இலட்சம் புள்ளி வேண்டும். கன்னத்தில் சதுரங்கள் தெரிந்தன. சிரித்தபோது தலை அசைந்ததால் ஒரு காது கரைந்திருந்தது. "அண்ணை, சின்னதாப் போடுவம். பெருப்பிச்சா முகம் உடைஞ்சிடும்" என்றார். உள்ளங்கை அளவில் போட்டோம். அதுதான் இப்போது சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏழு வருடம் கிழமைக்கு மூன்று முறை கமராவுக்கு முன்னால் இருந்தவருக்கு, ஒருநாள்கூட நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியின் பின்பக்கக் கமராவால் ஒரு படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அதில் கோடிக்கும் மேல் புள்ளி இருந்தது. என் சட்டைப்பையிலேயே இருந்தது.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு. அவருடைய பிள்ளைகள் சூரிச்சில். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அழைப்பு வரும். கதிரை முற்றத்தைப் பார்த்து இருக்கிறது. பின்னால் நீலம் அடித்த சுவர். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று முதலில் முறுமுறுத்தார், பிறகு பழகிவிட்டது. ஒரு குறைதான் இருந்தது. அவர் திரையில் தெரியும் பேரப்பிள்ளையின் முகத்தையே பார்ப்பார். கமரா மேலே இருப்பதால் அந்தப் பக்கத்தில் அவர் எப்போதும் கீழே குனிந்திருப்பதுபோல் தெரியும். "அம்மம்மா ஏன் என்னைப் பார்க்கிறா இல்லை?" என்று அந்தச் சின்னது கேட்டதாம்.

என் மகள் தன் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து ஒரு சிவப்புப் பொட்டை எடுத்து வில்லைக்குப் பக்கத்தில் ஒட்டினாள். "பெரியம்மம்மா, கதைக்கேக்க இந்தப் பொட்டைப் பாருங்கோ."

பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மடிக்கணினிக்குக் கிட்ட வந்து பொட்டை உற்றுப் பார்த்தார். சூரிச்சில் ஒரு சின்னக் குரல் கத்தியது: "இப்ப பாக்கிறா! இப்ப என்னைப் பாக்கிறா!"